பழைய வண்டியும் புதிய வலுவும்: ஓர் அறவியல் நோக்கு

பொருளொன்றின் ஒரு கூற்றினை அகற்றிப் பிறிதொன்றை அதனிடத்தில் வைப்போமாயின், அது முன்னைய பொருளாகவே நிலைக்குமோ என்னும் வினா மெய்யியலில் மிகப் பழையது. பழுதுற்ற பலகைக்குப் பதில் அதே அளவினதாகிய புதுப் பலகையை இடுவது பற்றியே அறிஞர் பெரும்பாலும் பேசினர். ஆனால் மாற்றம் பழுதினால் அன்றி ஆசையினால் நேருமாயின் என்ன கூறுவது? பழைய எஞ்சின் நன்றாகவே ஓடுகின்றது. எனினும் உடையவருக்கு அதன் வலு போதவில்லை. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஓரளவு வலுவுக்கெனச் செய்யப்பட்ட சிறிய ஸ்போர்ட்ஸ் காரினுள் அதனினும் இரு மடங்கு பெரிய எஞ்சினை இறக்குகின்றார். வெளித்தோற்றத்தில் பழைய வண்டி; உள்ளே வேறொன்று. இச்செயல் தன்னளவில் நல்லதா, தீயதா, அல்லது அறத்தின் எல்லைக்கு அப்பாற்பட்ட வெறும் பொழுதுபோக்கா என்பதையே இக்கட்டுரையில் ஆராய விழைகின்றேன்.

மெய்யியல் மாணவன் கராஜுக்குள் புகுந்து என்ன செய்யப் போகின்றான் எனச் சிலர் நகைக்கக்கூடும். திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் வளர்ந்தவர் எவருக்கும் இது நூலகத்தில் மட்டும் எழும் வினா அன்று. இலங்கையில் 1960களிலும் 1970களிலும் மோட்டார் வாகன இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, பிரித்தானியர் காலத்திலும் அதனை அடுத்தும் வந்திறங்கிய மொறிஸ், ஒஸ்ரின், ஹில்மன் கார்களைக் கொண்டே எம்மவர் காலத்தை ஓட்டினர். உதிரிப்பாகம் கிடையாதபோது ஒன்றின் உறுப்பு மற்றொன்றினுள் சென்றது. பெற்றோல் எஞ்சின் இருந்த இடத்தில் டீசல் எஞ்சின் அமர்ந்தது. 1990களில் பொருளாதாரத் தடையின் கீழிருந்த யாழ்ப்பாணத்திலோ எஞ்சினை விட்டு எரிபொருளையே மாற்றினர்; சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயால் ஓட்டினர். ஆகவே, “அசல்” என்ற சொல்லைக் கேட்டவுடன் கண்ணீர் மல்கும் சேகரிப்பாளர் மனப்பான்மை எமது நாட்டில் வேரூன்ற இடமிருக்கவில்லை. அது ஒருவகையில் நன்மையே என்பது என் கருத்து.

முதலில் மெய்யியலாளர் கூறியவற்றைச் சுருங்க நோக்குவோம். பாளி மொழியிலுள்ள மிலிந்த பஞ்ஹ என்னும் நூலில், கிரேக்க வழிவந்த மன்னனுக்கு நாகசேனர் என்னும் பிக்கு ஒரு தேரைக் காட்டி விளக்குகின்றார். அச்சு தேரன்று, சில்லு தேரன்று, நுகமும் தேரன்று. இவை கூடியவிடத்து வழக்கு நோக்கி இடப்பட்ட பெயரே தேர் என்பது அவர் கொள்கை. இதனை ஏற்போமாயின், எஞ்சின் மாறிய கார் அதே காரா என்ற வினாவே பொருளற்றுப் போகின்றது. மக்கள் அப்பெயரால் அழைக்கும் வரை அது அதுவே. 1655இல் தொமஸ் ஹொப்ஸ் மற்றொரு சிக்கலை எழுப்பினார். தீசியஸின் கப்பலிலிருந்து நீக்கிய பழம் பலகைகளை ஒருவர் சேர்த்து வைத்து, அவற்றைக் கொண்டு முன்போலவே மற்றொரு கப்பலைக் கட்டினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல் என்றார். கராஜில் இது கற்பனையன்று. கழற்றிய எஞ்சின் மூலையில் சாக்கு மூடிக் கிடக்கும். சில மாதங்களில் வேறொருவரது வண்டிக்குள் அது இயங்கும்.

எம் ஊரின் பெயரையே தாங்கிய கப்பலொன்று உண்டு. ‘திருகோணமலை’ என்னும் அப்போர்க்கப்பல் 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தாற் கட்டப்பட்டது. அதன் முதல் வரைபடங்களை ஏற்றிவந்த கப்பல் 1812இல் அமெரிக்கரிடம் சிக்கியமையால் மறுபடி வரைபடங்கள் அனுப்பவேண்டியதாயிற்று. பிற்காலத்தில் அது விற்கப்பட்டுப் பயிற்சிக் கப்பலாகி வேறு பெயர் பெற்றது. 1992இல் பழைய பெயர் மீண்டது. இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் திருத்தி அழகுபடுத்தப்பெற்று மிதக்கின்றது. மரம் மாறிற்று, பணி மாறிற்று, பெயரும் மாறி மீண்டது. ஆயினும் அதே கப்பல் என்றே அனைவரும் கொள்வர். எம்மூர்ப் பெயர் அதில் இருக்கின்றதே என்ற பெருமையினால் மட்டும் நான் இதனைக் கூறவில்லை. ஓரளவு அதுவும் காரணந்தான்.

சட்டம் மெய்யியலாளரைப் போலத் தடுமாறுவதில்லை. எமது மோட்டார் வாகனப் பதிவேட்டில் அடிச்சட்டக இலக்கமும் எஞ்சின் இலக்கமும் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. எஞ்சின் மாறினால் உடையவர் அறிவித்துப் புதிய இலக்கத்தைப் பதிவிக்கவேண்டும். வண்டி பழைய வண்டியாகவே தொடரும். அரசு எவ்வித மெய்ப்பொருள் ஆராய்ச்சியும் செய்து இம்முடிவுக்கு வரவில்லை. விபத்து நேர்ந்தால் யாரைப் பிடிப்பது, களவு போனால் எதைத் தேடுவது, வரியை யாரிடம் அறவிடுவது என்பனவே அதன் கவலை. ஆனால், இந்த எளிய கவலையிலேதான் உண்மையின் ஒரு கூறு ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றுகின்றது. “அதே பொருளா?” என்று நாம் கேட்பது பெரும்பாலும் “யார் யாருக்குப் பொறுப்பு?” என்று கேட்பதேயாகும்.

எஞ்சின் மாற்றத்தை எதிர்ப்போர் வழமையாகக் கூறும் நியாயம், ஆக்கியோனின் கருத்தைச் சிதைக்கலாகாது என்பது. ஒரு கவிதையில் நாம் சொல்லை மாற்றுவதில்லை. அங்ஙனமே ஒரு கைவினைஞன் அளந்து செய்த வண்டியிலும் கைவைத்தல் தகாது என்பர். கேட்பதற்கு இது கண்ணியமான வாதமே. ஆயினும் எம் நாட்டு வீதிகளில் மிகப் பழகிய மொறிஸ் மைனரின் பிறப்பினை நோக்குவோம். அலெக் இஸிகோனிஸ் அதனை வரைந்தபோது, கிடையாக விரிந்த நான்கு உருளை எஞ்சின் ஒன்றையே மனத்திற் கொண்டிருந்தார். அதற்கெனவே முன்புறத்தை அகலமாக வைத்தார். அந்த எஞ்சின் ஈற்றில் கைவிடப்பட்டது. 1948இல் வண்டி வெளிவந்தபோது அதற்குள் இருந்தது, போருக்கு முன்னைய மொறிஸ் எட்டிலிருந்து வந்த 918 கன சென்ரிமீற்றர் எஞ்சின். அது மட்டுமன்று, உற்பத்தி தொடங்கவிருந்த வேளையில், வண்டி ஒடுங்கியதாகத் தோன்றுகின்றதெனக் கருதி, மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் விலக்கிப் பார்த்தார் இஸிகோனிஸ். முன்மூடியின் நடுவே ஓடும் பட்டையான மேடு அந்த அறுவையின் தழும்பே. பின்னாளில் அதே வண்டிக்குள் 948, 1098 என வேறு எஞ்சின்களை உற்பத்தியாளரே இட்டனர். அதன் எஞ்சின் அறையில் வெற்றிடம் தாராளமாக இருப்பதால் பெரிய எஞ்சினை இறக்குவது எளிது என்று எம்மூர் மெக்கானிக்குகள் கூறுவதும், பிறவாத ஓர் எஞ்சினுக்கென விடப்பட்ட இடம் பற்றியே. ஆகவே, இவ்வண்டியில் ஆக்கியோனின் தூய கருத்து எது? பிறந்த நாளிலேயே பிறிதொன்றின் எஞ்சினைச் சுமந்து வந்த வண்டிக்கு அசல் என ஒன்றைக் காட்டுவது கடினம். தூய்மையை அளவுகோலாகக் கொண்ட வாதம் இங்கே உடைந்துவிடுகின்றது. மொழித்தூய்மை, குலத்தூய்மை பேசுவோரும் மொறிஸ் மைனரின் முன்மூடியைச் சற்று உற்று நோக்கலாம்.

ஸ்போர்ட்ஸ் கார்களின் வரலாற்றிலோ எஞ்சின் மாற்றம் களவாகச் செய்யப்பட்ட ஒன்றன்று. சில புகழ்பெற்ற வண்டிகள் அதனாலேயே உண்டாயின. இங்கிலாந்தில் ஏ.சி. நிறுவனம் 1953 முதல் செய்துவந்த ஏஸ் என்னும் மென்மையான இரு இருக்கை வண்டியில் அமெரிக்க போர்ட் நிறுவனத்தின் எட்டு உருளை எஞ்சினை 1962இல் பொருத்திக் கோப்ரா ஆக்கினார் கரோல் ஷெல்பி. முதலில் 4.2 லீற்றர், பின்னர் 4.7, அதன்பின் 7 லீற்றர். ஏழு லீற்றரை எட்டியபோது பழைய உடல் தாங்கவில்லை. அடிச்சட்டகத்தின் மூன்று அங்குலக் குழாய்கள் நான்கு அங்குலமாயின. பட்டை விற்கள் நீக்கப்பட்டுச் சுருள் விற்கள் வந்தன. வண்டிக்கு எஞ்சின் தேடிய நிலைமை மாறி, எஞ்சினுக்கு வண்டி தேடும் நிலைமை உண்டாயிற்று. இடையில் ஒன்று: ஷெல்பி 1959இல் லெ மான் பந்தயத்தில் வென்றவர்; இதய நோயினால் மறு ஆண்டே பந்தய ஓட்டத்தைக் கைவிட்டவர். 1990இல் அவருக்கு மாற்றிதயம் பொருத்தப்பட்டது. பிறருடைய இதயத்தோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 2012இல் இறந்தார். அந்த இருபது ஆண்டுகளும் அவர் ஷெல்பி அல்லர் என்று கடன்காரர் எவரும் விட்டுவிட்டிருக்கமாட்டார்.

சன்பீம் அல்பைன் கதை இதனினும் எனக்குப் பிடித்தது. றூட்ஸ் நிறுவனத்தின் அந்த 1.6 லீற்றர் வண்டியினுள் போர்ட்டின் 4.2 லீற்றர் எஞ்சினை இட்டு, 1964 முதல் ரைகர் என்னும் பெயரில் விற்றனர். இடம் அத்துணை நெருக்கடியாக இருந்தமையால், பொருத்தும் பணியை மேற்கொண்ட ஜென்சன் தொழிற்சாலையில், வர்ணம் பூசி வந்த உடலின் தடுப்புத் தகட்டைச் சம்மட்டியால் அடித்து உள்வாங்கச் செய்தபின்னரே எஞ்சின் இறங்கிற்று. ஒரு தீப்பொறிச் செருகியை மாற்றுவதற்கு வண்டிக்குள் அமர்ந்து, தடுப்புச் சுவரில் விடப்பட்ட துளைவழியே கைவிடவேண்டும். பின்னர் றூட்ஸ், கிறைஸ்லரின் கைக்குச் சென்றது. தமது வண்டியில் போட்டியாளரின் எஞ்சின் இருப்பதை எந்த நிறுவனந்தான் விரும்பும்? ஆனால் கிறைஸ்லரிடம் இருந்த எட்டு உருளை எஞ்சின் அவ்விடத்தினுள் அடங்கவில்லை. ஏறத்தாழ ஏழாயிரம் வண்டிகளோடு 1967இல் உற்பத்தி நின்றது.

இவற்றுக்கு மாறாக எம்.ஜி.பி. வண்டியைக் கூறலாம். அதன் 1798 கன சென்ரிமீற்றர் இரும்பு எஞ்சினை அகற்றி, றோவரின் 3528 கன சென்ரிமீற்றர் எஞ்சினை இடும் வேலையைக் கென் கொஸ்டெலோ என்னும் பந்தய ஓட்டுநர் முதலில் தாமே செய்து காட்டினார். உற்பத்தியாளர் பின்பற்றி 1973 முதல் 1976 வரை இரண்டாயிரத்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்தனர். அந்த எஞ்சினும் றோவரின் சொந்தமன்று; அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் தனது பியூக் கார்களுக்கென ஆக்கிப் பின்னர் கைவிட்ட அலுமினிய எஞ்சின். அலுமினியம் ஆகையால் கொள்ளளவில் இரு மடங்காயினும் எடையிற் பெரிய வேறுபாடில்லை. முன்சில்லுகளின் மேல் விழும் பாரம் கூடாமையால் வண்டியின் நடை கெடவில்லை, பிரேக்குகளையும் வலுப்படுத்தினர். இங்கே அடிப்பதற்குச் சம்மட்டி வேண்டியிருக்கவில்லை. ஒரே செயல், இரு வேறு முறைகள். இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்து நன்று, தீது எனக் கூறிவிட முடியுமா?

இவ்விடத்து அறவியலுக்குப் பௌதிகம் துணைநிற்கின்றது. ஓடும் பொருளின் இயக்கச் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது. மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடும் வண்டியை நிறுத்துவதற்கு வேண்டியதைவிட, 120இல் ஓடுவதை நிறுத்த நான்கு மடங்கு சக்தியைப் பிரேக்குகள் வெப்பமாக்கிக் கழிக்கவேண்டும். எஞ்சின் இரு மடங்காகும்போது, பிரேக்குகள், அச்சு, கியர்பெட்டி, குளிர்நீர்த் தாங்கி, ரயர் ஆகிய யாவும் தம்மைக் கேளாமலே புதிய கடனொன்றுக்குப் பிணை நிற்கின்றன. எஞ்சின் மட்டுமே புகழ்பெறும், உடைவது வேறொன்று. திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்திலே வள்ளுவர், மிக இலேசான மயிலிறகும் அளவு மிஞ்சினால் வண்டியின் அச்சை முறிக்கும் என்று காட்டியதை நாம் பாலர் வகுப்பு முதலே ஒப்புவித்து வந்திருக்கின்றோம். அரசனுக்குப் படைவலி கூறவந்த இடத்தில் அவர் வண்டியை நினைத்தமை தற்செயலன்று. ஆனால் உரையாசிரியர்கள் பாரத்தை நோக்கினரேயன்றி, முறிவது எப்போதும் அச்சாகவே இருப்பது ஏன் என்று அதிகம் கேட்டிலர். அச்சு வண்டியின் அடியில் இருப்பது. ஏற்றுபவரின் கண்ணுக்குப் புலப்படாதது.

“வண்டி என்னுடையது, எஞ்சினும் என் காசு, உனக்கென்ன?” என்று உடையவர் கேட்பாராயின், அக்கேள்வியை இலேசாகத் தள்ளிவிடலாகாது. தன் கையால் ஒரு வண்டியைப் பிரித்து, பொருந்தாததைப் பொருந்தவைத்து, முதன்முறை அது உறுமி எழும்போது ஒருவன் அடையும் களிப்பு கீழ்த்தரமான ஒன்றன்று. பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற எம்மிற் பலர் ஒரு திருகாணியையேனும் செம்மையாக முடுக்கியறியோம். உழைப்பைக் கலந்தவனுக்கே பொருள் உரியது என்ற லொக்கின் கருத்தை நோக்கினால், கராஜின் எண்ணெய்க் கறையில் உரிமை ஊறிக்கிடக்கின்றது. எனினும் வீதி அவருடையதன்று. உவர்மலை ஏற்றத்திலிருந்து இறங்கும் வண்டியின் முன்னே பாடசாலை விட்டு வரும் பிள்ளைகள் இருக்கின்றனர். அவர்கள் அந்த எஞ்சினை வாங்கவுமில்லை, அதன் உறுமலால் மகிழவுமில்லை. ஆனால் அதன் பிரேக்கில் அவர்களுக்கும் பங்குண்டு.

எமது மரபிலே இவ்வினாவின் மிக ஆழமான வடிவம் திருமூலர் வரலாற்றிலே காணப்படுகின்றது என்பேன். சேக்கிழார் கூறும் அவ்வரலாற்றை யாவரும் அறிவர். வடக்கிலிருந்து வந்த யோகியார், காவிரிக்கரைச் சாத்தனூரில் மூலன் என்னும் இடையன் இறந்துகிடப்பதையும், பசுக்கள் அவனைச் சூழ்ந்து கதறுவதையும் கண்டு இரங்கி, தம் உடலை ஓரிடத்தே சேமித்துவிட்டு மூலனது உடலிற் புகுந்தார். பசுக்கள் துயர் நீங்கின. நாம் எடுத்துக்கொண்ட மொழியிற் சொன்னால், ஓர் எளிய வண்டியினுள் பேராற்றல் வாய்ந்த எஞ்சின் புகுந்தது. மாலையில் மூலனின் மனைவி வந்து வீட்டுக்கு அழைக்கின்றாள். உனக்கும் எனக்கும் உறவில்லை என்கின்றார் அவர். ஊர்ப் பெரியோர் வந்து பார்த்து, இவர் உறவின் எல்லையைக் கடந்தவர் என உணர்ந்து, அவளுக்குத் தேறுதல் கூறுகின்றனர். யோகியார் மீண்டு சென்று தம் பழைய உடலைத் தேடினால், அது அங்கே இல்லை.

பக்தர்க்கு இது இறைவன் திருவிளையாடல். தமிழுக்கு ஓர் ஒப்பற்ற நூல் கிடைத்த கதை. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆயினும் நான் அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்று பார்க்கின்றேன். அவள் கேட்டது மெய்யியல் வினாவன்று. அந்த உடலோடு அவள் செய்துகொண்ட உடன்பாடு ஒன்றிருந்தது. மெலிந்ததாயினும் அந்த உடல் அவளுக்குச் சோறிட்டது. உள்ளே புகுந்த ஆற்றல் பெரிதென்பதனால் அவள் கடன் தீர்ந்துவிட்டதா? யோகியார் கூறியதில் பொய்யில்லை. அவர் மூலன் அல்லர். ஆனால் மூலனின் கைகளால் பசுக்களை மேய்த்தார். மூலனின் பெயரால் அறியப்பட்டார். உடலின் வசதியை ஏற்றுக்கொண்டு, அதன் கடனை மட்டும் ஏற்காமை எங்ஙனம் நியாயமாகும்? பசுக்களின் துயரை நீக்க வந்த இரக்கம் அவளிடம் வந்தவுடன் நின்றுவிட்டது ஏன்? இக்கேள்விக்கு விடை கூறிய உரை எதனையும் நான் கண்டதில்லை.

மீளவியலாமை என்பதும் இக்கதையில் உண்டு. எஞ்சின் மாற்றுவோரிலே பொறுப்புடையோர் பழைய எஞ்சினைப் போற்றி வைப்பர். உடலை வெட்டாமல், துளையிடாமல், நாளை வேறொருவர் விரும்பினால் முன்போலாக்கும் வகையிலே வேலை செய்வர். அது வெறும் சேகரிப்பாளர் மனப்பான்மையன்று. வருங்காலத்து உடையவருக்கும் ஒரு தீர்ப்பை விட்டுவைக்கும் பண்பு அது. சம்மட்டி அடித்த தகட்டில் அந்தத் தீர்ப்புக்கு இடமில்லை.

கடற்கரைக்கு வருவோம். கொட்டியாரக் குடாவிலும் உட்துறைமுகத்திலும் தொழில் செய்வோர் வள்ளத்திலிருந்து கண்ணாடியிழைப் படகுக்கு மாறியதோடு, வெளியிணைப்பு எஞ்சினும் இன்றியமையாததாயிற்று. எஞ்சின் தொங்குவது படகின் பின்பலகையில். அதன் தள்ளுவிசை முழுவதையும் அப்பலகையே வாங்கிப் படகுக்குக் கொடுக்கின்றது. எட்டுக் குதிரைவலுவுக்கென இட்ட பலகையில் இருபத்தைந்தைத் தொங்கவிட்டால், அமைதியான துறைமுகத்துக்குள் எதுவும் தெரியாது. வாடைக்காற்றுக் காலத்தில் குடாவின் வாயைக் கடக்கும்போதே தெரியும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின் உதவியாக வந்த படகுகளிற் சில தரங்குறைந்தவையாக இருந்தமை பின்னர் வெளிவந்த செய்தி. கொடுத்தவர்கள் படகுகளை எண்ணினர். பலகையின் தடிப்பை எல்லோரும் அளக்கவில்லை. போர்க்காலத்தில் இதற்கு நேர்மாறான நிலை. எஞ்சினின் குதிரைவலுவுக்கே பாதுகாப்புத் தரப்பினர் எல்லை விதித்தனர். கடலுக்குச் செல்லும் நேரத்துக்கும் தூரத்துக்கும் எல்லை விதித்தனர். பெரிய எஞ்சின் வைத்திருப்பதே ஐயத்துக்கு இடமாயிற்று. ஆகவே, எவ்வளவு வலு தகும் என்பதை யார் தீர்மானிப்பது என்ற வினா எம்மவர்க்கு இருமுனைக் கத்தி. அளவோடு இரு என்று நான் எழுதும்போது, அச்சொல்லை அதிகாரம் எங்ஙனம் கையாண்டது என்பதையும் மறவாமலே எழுதுகின்றேன். பலகையின் பெயரால் விதிக்கும் எல்லை வேறு. படகுக்காரனை நம்பாமையால் விதிக்கும் எல்லை வேறு.

நகரங்களுக்கும் இவ்வாறே எஞ்சின் மாற்றுகின்றனர். கோயிலும் மீன்வாடியும் வயலுமாக இருந்த இந்தக் குடாவினுள் பிரித்தானியர் ஒரு பேரரசின் கடற்படையை இறக்கினர்; சீனன்குடாக் காட்டினுள் கட்டிய பாரிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்றும் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் வந்தது எம்மூர் மீனவர்க்காகவன்று, அந்தக் கடற்படைக்காகவே. குண்டு விழுந்ததோ எம்மூரில். 1957இல் கடற்படைத்தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. 2006இல் போரினால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களின் ஊரிலே 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் அமைக்கத் திட்டமிட்டனர்; 2016இல் அது கைவிடப்படும் வரை, தம் காணியில் எவருடைய எஞ்சின் ஓடப்போகின்றது என்பதை முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தே அம்மக்கள் கேட்டறிந்தனர். 2022 சனவரியில் 61 தாங்கிகளை இலங்கை, இந்திய நிறுவனங்களின் கூட்டுக் கம்பனிக்கு வழங்கும் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அபிவிருத்தி வேண்டாம் என்று கூறுபவன் நானல்லன். பழைய திருகோணமலையைக் கண்ணாடிப் பேழையில் வைக்கவேண்டும் என்போரை நான் ஏற்பதுமில்லை. மொறிஸ் மைனரைப் போலவே எம் ஊருக்கும் கலப்பற்ற பிறப்பொன்று கிடையாது. சோழர், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் யாவரும் வந்துபோன துறை இது. நான் கேட்பது கராஜிற் கேட்கும் அதே கேள்வியைத்தான்: இந்த எஞ்சினுக்குப் பின்பலகையாக நிற்கப்போவது எது? குடிநீரா, கரைவலைப்பாடா, மூதூர்ப் பக்கத்து வயலா? அவற்றை அளந்தவர் யார்? அளந்தபோது அங்கே இருப்பவர்களை அழைத்தார்களா?

நல்ல மெக்கானிக் பெரிய எஞ்சினோடு வருபவரைக் கண்டதும் எஞ்சினைப் பாராட்டுவதில்லை என்பதை நான் கவனித்திருக்கின்றேன். எம் துறைமுகப் பகுதியிலே முதிய பாஸ் ஒருவர் உண்டு. வண்டிக்கு ஜாக்கியிட்டு உயர்த்தி, அடியிற் படுத்துச் சென்று, கைவிளக்கால் நெடுநேரம் அச்சையும் பிரேக் குழாய்களையும் பார்த்துவிட்டே எழுவார். ஒருமுறை இளைஞர் ஒருவர், “பாஸ், எஞ்சினை ஒருக்கா ஸ்ராட் பண்ணிக் காட்டட்டோ?” என்று ஆவலோடு கேட்டார். “அது பிறகு பாப்பம் தம்பி. முதல்ல இது நிக்குமோ எண்டு பாப்பம்” என்றார் அவர். பின் தமது மேசையிலிருந்த கொப்பியை எடுத்து, மாற்றவேண்டிய உறுப்புகளை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினார். பட்டியல் ஒரு பக்கத்தைக் கடந்தது. எஞ்சினின் பெயர் அதில் இருக்கவில்லை.